பறவைப் பெட்டிக்குள்ள ஓட்டிப் பாத்த கேமரா போர்டுகள்: பிக்சல் அப்புறம், முதல்ல அது எப்படி பூட் ஆகுதுன்னு பாருங்க

ரெண்டு சீசனா ஒரே வேலைக்கு அஞ்சு விதமான கேமரா போர்டை மாத்தி மாத்தி ஓட்டிட்டேன், அந்த அனுபவத்தைத் தான் இங்க எழுதுறேன். வேலை என்னன்னா, நாலு மீட்டர் உயரத்துல கம்பத்துல கட்டின ஒரு பறவைப் பெட்டி, அதுக்குள்ள மேல் பலகைல ஒட்டின மாதிரி ஒரு கேமரா. முட்டை வச்சதுக்கு அப்புறம் பெட்டி பக்கமே போகக் கூடாது, ஏணி சத்தம் கேட்டாலே தாய் எழுந்து போயிடும், சில நேரம் திரும்பியே வராது. அதனால பெட்டியை மூடின நாள்ல இருந்து குஞ்சுங்க பறக்குற வரைக்கும் யார் கையும் படாம கேமரா ஓடணும், கரண்ட் போனா போகட்டும், வந்ததும் தானா எழுந்து பழைய வேலையைப் பாக்கணும், நான் கீழ இருந்தே சாஃப்ட்வேர் மாத்தினா அது சொதப்பினாலும் பழைய நிலைக்கு வரணும். இப்படி ஒரு இடத்துல வச்சுப் பாத்தா தான் ஒரு போர்டோட உண்மையான குணம் தெரியுது. மேஜை மேல யுஎஸ்பி கேபிள் சொருகி வச்சுப் பாத்தா எல்லா போர்டும் நல்ல போர்டு தான்.

வாங்கும்போது எல்லாரும் எத்தனை மெகாபிக்சல், எத்தனை எஃப்பிஎஸ்னு தான் கேக்குறாங்க, நானும் அப்படித் தான் ஆரம்பிச்சேன். இப்ப நான் முதல்ல கேக்குற கேள்வி மூணு. சிப்புக்குள்ள அழிக்கவே முடியாத ரோம் பூட்லோடர் (கரண்ட் வந்ததும் முதல்ல ஓடி மத்ததை எழுப்புற சின்ன புரோகிராம்) இருக்கா, அதுக்குள்ள போறதுக்கு பட்டனோ பின்னோ வெளிய இருக்கா, சீரியல் கன்சோல் (போர்டு எழும்போது எழுத்தா சொல்றதைப் படிக்கிற வயர் வழி) எங்க வருது. இந்த மூணுக்கும் பதில் இருந்தா அந்த போர்டு எவ்வளவு மோசமா கெட்டாலும் திருப்பிக் கொண்டு வந்துடலாம்.

இஎஸ்பி32-கேம்ல இருந்து வர்றேன், ஏன்னா நிறைய பேர் இதுல தான் ஆரம்பிக்கிறீங்க. 27 க்கு 40.5 மில்லிமீட்டர் போர்டு, 2 மெகாபிக்சல் ஓவி2640 சென்சார், புரோகிராம் வைக்க 4 எம்பி ஃபிளாஷ் மெமரி, கூட பிஎஸ்ரேம்ங்கற கூடுதல் ரேம், மைக்ரோ எஸ்டி ஸ்லாட். படம் சுமார் தான், வெளிச்சம் கம்மியானா புள்ளி புள்ளியா வரும். ஆனா பூட் விஷயத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச போர்டு இது தான், அதே நேரத்துல புதுசா வர்றவங்களை அதிகமா அழ வைக்கிறதும் இது தான். போர்டுலயே யுஎஸ்பி கிடையாது, தனியா யுஎஸ்பி டிடிஎல் அடாப்டர் வேணும், இல்லன்னா அடியில சொருகுற, எம்பின்னு பேர் வச்ச யுஎஸ்பி போர்டு வேணும். ஜிபிஐஓ 0 பின்னை கிரவுண்டோட சேத்து ரீசெட் அடிச்சா டவுன்லோட் மோடுக்கு, அதாவது புது புரோகிராமை வாங்கிக்கிற நிலைக்குப் போகும், ஃபிளாஷ் பண்ணி முடிச்சதும் அந்த ஜம்பரைக் கழட்டணும். கழட்ட மறந்தா போர்டு டவுன்லோடுக்காக காத்துக்கிட்டே இருக்கும், நம்ம புரோகிராம் ஓடாது. இதுல இன்னொன்னு, அதே ஜிபிஐஓ 0 தான் சென்சாருக்கு கிளாக் கொடுக்குற பின்னும். அதனால அந்தப் பின்ல வேற எதையும் மாட்டி வைக்காதீங்க, நீளமான வயரைக் கூட தொங்க விடாதீங்க, கேமரா இனிஷியலைஸ் ஆகலன்னு எரர் வந்து பாதி நாள் அதுலயே போயிடும்.

அடுத்தது ஜிபிஐஓ 12. ரீசெட் ஆகுற அந்த நொடில இந்தப் பின் ஹையா இருந்தா, ஃபிளாஷுக்கு 1.8 வோல்ட் கொடுக்கணும்னு சிப் எடுத்துக்கும். போர்டுல இருக்குற ஃபிளாஷ் 3.3 வோல்ட், அதனால பூட்டே ஆகாது. எஸ்டி கார்டை நாலு டேட்டா லைன்ல ஓட்டினா அதுல ஒரு லைன் இந்த 12, கார்டு லைனுக்கு புல்-அப் வேணும், பூட்டுக்கு இது லோவா இருக்கணும், ரெண்டும் ஒத்துப் போகாது. சிப்புக்குள்ள இருக்குற இஃபியூஸ்ங்கற நிரந்தர செட்டிங்கை எரிச்சு 3.3 வோல்ட்னு நிரந்தரமா பூட்டிடலாம், ஆனா ஒரு தடவை எரிச்சா எரிச்சது தான், திருப்ப முடியாது. நான் அதுக்குப் போகல, எஸ்டி கார்டை ஒரு டேட்டா லைன் மோடுல வச்சேன், கொஞ்சம் மெதுவா எழுதும், நிமிஷத்துக்கு ஒரு ஸ்டில் எடுக்குறதுக்கு அது தாராளம். இந்த மோடுல எனக்குக் கிடைச்ச பெரிய நன்மை வேற ஒன்னு. நாலு லைன் மோடுல ஜிபிஐஓ 4 யும் ஒரு டேட்டா லைன், அதே பின்ல தான் அந்தக் கண்ணைக் கூச வைக்கிற வெள்ளை எல்இடி இருக்கு, கார்டுல எழுதும் போதெல்லாம் அது மினுக்கும். ராத்திரி நேரத்துல ஒரு சின்னப் பெட்டிக்குள்ள குஞ்சு மேல அந்த வெளிச்சம் அடிச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு லைன் மோடுக்கு மாத்தி, 4 ஐ லோல பிடிச்சு வச்சு, அதுக்கும் மேல எல்இடி மேல கறுப்பு டேப் ஒட்டினதுக்கு அப்புறம் தான் பெட்டிக்குள்ள வச்சேன்.

பிரவுன்அவுட், அதாவது சப்ளை வோல்டேஜ் விழுறது பத்தி கண்டிப்பா சொல்லணும். வைஃபை ஆன் ஆகுற நேரத்துல கரண்ட் திடீர்னு ஏறும், சப்ளை வயர் மெல்லிசா நீளமா இருந்தா வோல்டேஜ் விழும், சிப் ரீசெட் ஆகும், மறுபடி வைஃபை, மறுபடி ரீசெட், இப்படி சுத்திக்கிட்டே இருக்கும். எங்க கேட்டாலும் பிரவுன்அவுட் டிடெக்டரை ஆஃப் பண்ணும் ஒரு வரி கோடைப் போடுங்கன்னு தான் சொல்றாங்க. தயவு செஞ்சு பண்ணாதீங்க. அது வோல்டேஜ் விழுறதை நிறுத்தல, விழுந்துச்சுன்னு சொல்ற வாயை மட்டும் மூடுது, அப்புறம் விழுந்த வோல்டேஜ்லயே ஃபிளாஷ்ல எழுதப் போய் டேட்டா கெடும். நான் பண்ணது, 5 வோல்ட் பின்னுக்கு தடிமனான வயர், போர்டுக்குப் பக்கத்துலயே ஒரு பெரிய கெபாசிட்டர், அவ்வளவு தான், அப்புறம் ஒரு தடவை கூட அந்தச் செய்தி வரல.

இவ்வளவு தொல்லை சொல்லிட்டு ஏன் பிடிக்கும்னு கேப்பீங்க. ஓடிஏ ரோல்பேக் தான் காரணம், அதாவது வயர் இல்லாம வைஃபை வழியா புது புரோகிராம் ஏத்துறதும், அது சொதப்பினா பழசுக்கே திரும்புறதும். ஃபிளாஷ்ல ரெண்டு ஆப் பார்ட்டிஷன் வச்சுக்கிட்டு, புதுசை ஒன்னுல எழுதிட்டு அதுல இருந்து பூட் பண்ணச் சொல்லலாம், ரோல்பேக் ஆப்ஷனை ஆன் பண்ணி பூட்லோடரை பில்ட் பண்ணியிருந்தா, புது புரோகிராம் ஓடி நான் நல்லா இருக்கேன்னு தானே குறிச்சு வைக்கணும், வைக்குறதுக்கு முன்னாடி ரீசெட் ஆச்சுன்னா பூட்லோடர் பழசுக்கே திரும்பிடும். நான் வைஃபை கிடைச்சு ஒரு படம் எடுத்து சர்வருக்குப் போய்ச் சேந்ததுக்கு அப்புறம் தான் நல்லா இருக்கேன்னு குறிக்க வச்சிருக்கேன். முட்டை பொரிஞ்ச சமயத்துல நான் போட்ட ஒரு அப்டேட்ல பாஸ்வேர்டு தப்பு, போர்டு வைஃபையில ஏறல, டைமர் தீந்து ரீசெட் ஆகி பழைய புரோகிராம்ல அதுவா எழுந்து படம் அனுப்ப ஆரம்பிச்சுது, அந்த மூணு நிமிஷம் நான் மூச்சு விடாம உக்காந்திருந்தேன். ஒன்னு கவனிங்க, கூட வர்ற கேமரா சாம்பிள் புரோகிராமை அப்படியே போட்டா 3 எம்பி ஆப் இடம் வேணும்னு கேக்கும், அந்த பார்ட்டிஷன் அமைப்புல ஓடிஏவுக்கு இடமே இல்ல. தேவையில்லாததை வெட்டிட்டு ரெண்டு பார்ட்டிஷன் அமைப்புக்கு மாத்திக்கோங்க. ஓப்பன் எவ்வளவுன்னா, புரோகிராம் எழுதக் கொடுக்குற எஸ்டிகே தொகுப்பு அப்பாச்சிங்கற ஓப்பன் லைசென்ஸ், பூட்லோடரோட ரெண்டாவது கட்டம் முழுக்க சோர்ஸ் இருக்கு, வைஃபை லைப்ரரி மட்டும் சோர்ஸ் இல்லாம பைனரியா தான் வரும்.

ஓப்பன்எம்வி எச்7 ஐ சுருக்கமா முடிச்சிடறேன், அது இந்த வேலைக்கானது இல்ல. எஸ்டிஎம்32எச்743 சிப், 480 மெகாஹெர்ட்ஸ், 640 க்கு 480 சென்சார், மைக்ரோபைத்தான்ல எழுதி மெயின் டாட் பைன்னு சேவ் பண்ணா கரண்ட் வந்ததும் அதுவே ஓடும். கலர் கண்டுபிடிக்க, கியூஆர் படிக்க, ரோபோல வைக்க அருமையான போர்டு, ஐடிஇ இவ்வளவு சுகமா வேற எதுலயும் பாக்கல. கெட்டுப் போனா பூட் பின்னையும் ரீசெட் பின்னையும் ஒரு வயரால சேத்துட்டு யுஎஸ்பி சொருகினா டிஎஃப்யூங்கற மீட்பு மோடு வரும், அங்க இருந்து முழுசா திரும்ப எழுதலாம், இது சிப்பைச் செஞ்ச எஸ்டிமைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் அதோட ரோம்லயே வச்சது, அழியாது. குறைன்னா யுஎஸ்பி டிரைவா தெரியுற அந்த மெமரில எழுதிக்கிட்டு இருக்கும்போது கேபிளைப் பிடுங்கினா ஃபைல்சிஸ்டம் கெடும், அதனால எஜெக்ட் பண்ணிட்டுப் பிடுங்குற பழக்கம் வேணும். கரண்ட் போய் வர்ற இடத்துல படத்தைச் சேமிக்க நான் இதை வைக்க மாட்டேன்.

ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ, கூட கேமரா மாட்யூல் 3 நோ-ஐஆர் (இன்ஃப்ராரெட்டைத் தடுக்குற ஃபில்டர் இல்லாதது). படம்னு பாத்தா இந்த அஞ்சுல இது தான் ராஜா, பக்கத்துல கூட யாரும் வர முடியாது. 2023 ஜனவரில வந்த மாட்யூல், ஐஎம்எக்ஸ்708 சென்சார், 12 மெகாபிக்சல் கிட்ட, ஆட்டோஃபோகஸ் சுமார் 10 சென்டிமீட்டர் வரைக்கும் கிட்ட பிடிக்கும், அதனால பெட்டிக்குள்ள இறகு ஒவ்வொன்னும் தனித்தனியா தெரியுது. இன்ஃப்ராரெட் எல்இடி வெளிச்சத்துல ராத்திரி முழுக்க தாய் முட்டையைப் புரட்டி விடுறதைப் பாக்கலாம். வாங்கும்போதே கேபிள் கவனிங்க, ஜீரோல இருக்குறது 22 பின் சின்ன கனெக்டர், கேமராவுல 15 பின் பெருசு, ரெண்டையும் சேக்குற கேபிள் தனியா வாங்கணும்.

பூட் தான் இங்க யோசிக்க வைக்குது. பையில முதல்ல எழுறது ஆர்ம் கோர் இல்ல, ஜிபியூ தான். அது எஸ்டி கார்டுல இருந்து பூட்கோட் டாட் பின், அப்புறம் ஸ்டார்ட் டாட் எல்ஃப், அது கான்ஃபிக் டாட் டெக்ஸ்ட் படிச்சு மெமரி, கிளாக் எல்லாம் செட் பண்ணி, கடைசியா லினக்ஸோட மையமான கெர்னலை எழுப்பும். அந்த முதல் ரெண்டு ஃபைலும் மூடின பைனரி. கேமராவை ஓட்டுற லிப்கேமரா லைப்ரரி, கெர்னல் டிரைவர், சென்சாரோட டியூனிங் ஃபைல் எல்லாம் திறந்து இருக்கு, டியூனிங் ஃபைலை நானே மாத்தி ராத்திரிப் படத்தை சரி பண்ணேன், அவ்வளவு சுதந்திரம் இருக்கு, ஆனா பூட்டோட அடி வேர் நம்ம கையில இல்ல. அதை ஏத்துக்க முடியும்னா இது போல சௌகரியம் கிடையாது. எழலன்னா பச்சை எல்இடியை எண்ணுங்க, நாலு தடவை சின்னதா மினுக்கினா ஸ்டார்ட் டாட் எல்ஃப் கிடைக்கல, ஏழுன்னா கெர்னல் கிடைக்கல. பெட்டியோட அடிப்பலகைல ஒரு சின்ன ஓட்டை போட்டு அந்த எல்இடி கீழ இருந்து தெரியுற மாதிரி வச்சது எனக்கு ரொம்ப உதவிச்சு.

உண்மையான பலவீனம் எஸ்டி கார்டு. முதல் சீசன்ல பேர் தெரியாத ஒரு கார்டை வச்சேன், கரண்ட் ஒரே நாள்ல பல தடவை போய் வந்துச்சு, அடுத்த நாள் காலைல பூட் ஆகல, குஞ்சு பொரியுற வாரம் முழுக்க எனக்கு ஒன்னும் தெரியல. இன்னைக்கும் அதை நினைச்சா வருத்தமா இருக்கு. அதுக்கு அப்புறம் ஓவர்லே ஃபைல்சிஸ்டத்தை ஆன் பண்ணிட்டேன், ராஸ்பி-கான்ஃபிக்லயே அந்த ஆப்ஷன் இருக்கு, ரூட் பார்ட்டிஷன்ல எதுவும் எழுதாது, எழுதறதெல்லாம் ரேம்ல தான், பூட் பார்ட்டிஷனையும் ரீட்-ஒன்லி ஆக்கிடலாம். படம் எல்லாம் நெட்வொர்க் வழியா வெளிய போயிடும். கூட ஹார்டுவேர் வாட்ச்டாக்கை ஆன் பண்ணுங்க, இதுல அதிகபட்சம் 15 நொடி தான் வைக்க முடியும், சிஸ்டம்டியே அதைத் தட்டிக்கிட்டு இருக்கும், கெர்னல் தொங்கினா தானா ரீபூட். இந்த ரெண்டும் பண்ணாம பையை எட்டாத இடத்துல வைக்காதீங்க, ரெண்டும் பண்ணா தாராளமா வைக்கலாம்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போன ஒன்னு, லக்ஃபாக்ஸ் பிகோ ப்ளஸ். ராக்சிப் ஆர்வி1103 சிப், இது வீடியோ கேமராவுக்குன்னே செஞ்ச சிப், சென்சார் படத்தைச் சரி பண்ற ஐஎஸ்பி, வீடியோவைச் சுருக்குற எச்265 என்கோடர் எல்லாம் உள்ளயே இருக்கு, 64 எம்பி ரேமும் சிப்புக்குள்ளயே. போர்டு மேல 128 எம்பி எஸ்பிஐ நேண்ட் ஃபிளாஷ் மெமரி இருக்கு, ஈதர்நெட் இருக்கு, எஸ்சி3336 சென்சாரோட 3 மெகாபிக்சல் வீடியோ வரும். கூட வர்ற இமேஜை போட்டு கேமராவை மாட்டினா பூட் ஆனதும் நெட்வொர்க்ல வீடியோ பாக்குற ஆர்டிஎஸ்பி ஸ்டிரீம் தானா வந்துடும். பக்கத்துல இருக்குற சாதா பிகோல நேண்ட் கிடையாது, எஸ்டி கார்டு தான், எட்டாத இடத்துக்கு ப்ளஸ் மாடலே எடுங்கன்னு சொல்வேன், கழண்டு போக கார்டுன்னு ஒன்னு இல்லாம இருக்குறதே பெரிய நிம்மதி.

பூட் அமைப்பு இதுல படிக்கிறதுக்கே அழகா இருக்கு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு இமேஜ் ஃபைல். இஎன்வி இமேஜ்ல பார்ட்டிஷன் கணக்கு, ஐடிபிளாக்ல ரேம் இனிஷியலைஸ் பண்றதும் எஸ்பிஎல்ங்கற சின்ன முதல் பூட்லோடரும், அப்புறம் யூ-பூட்ங்கற பெரிய பூட்லோடர், அப்புறம் பூட் இமேஜ்ல கெர்னலும் டிவைஸ் ட்ரீயும் (போர்டுல என்னென்ன இருக்குன்னு கெர்னலுக்குச் சொல்ற பட்டியல்), அப்புறம் சிஸ்டம் ஃபைல் இருக்குற ரூட்எஃப்எஸ், ஓஇஎம், யூசர்டேட்டா. எது கெட்டுச்சோ அதை மட்டும் மாத்தி எழுதலாம். எல்லாமே கெட்டாலும் பூட் பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு டைப்-சி சொருகினா மாஸ்க்ரோம் மோடு வரும், அது சிலிக்கான்லயே இருக்குறது, நாம என்ன பண்ணாலும் அழியாது. யூ-பூட்டைத் தப்பா கம்பைல் பண்ணி எழுதி சீரியல்ல ஒரு எழுத்து கூட வராத நிலைக்கு நான் நாலஞ்சு தடவை போயிருக்கேன், ஒவ்வொரு தடவையும் அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்துடுச்சு. டிவைஸ் ட்ரீல சென்சாரை மாத்தி, ஐ2சி அட்ரஸ் மாத்தி, லேன் எண்ணிக்கை மாத்தி பயமில்லாம விளையாடலாம், கத்துக்க இத விட நல்ல போர்டு எனக்குத் தெரியல.

குறை சொல்லணும்ல. ரேம் இனிஷியலைஸ் பண்ற கோடு பைனரி, ஐஎஸ்பில ஆட்டோ எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் பாக்குற லைப்ரரியும் பைனரி, அதனால முழு ஓப்பன்னு சொல்ல முடியாது, திறந்த பகுதி நிறைய இருக்குற போர்டுன்னு சொல்லலாம். 64 எம்பில கேமராவுக்குன்னு ஒரு பெரிய துண்டை கெர்னல் முதல்லயே ஒதுக்கிடும், மிச்சத்துல பைத்தான் எல்லாம் கனவு காணாதீங்க, சி-ல எழுதுங்க. கேமரா ரிப்பன் கேபிளை சொருகும்போது எந்தப் பக்கம் காண்டாக்ட்னு ரெண்டு தடவை பாருங்க, கரண்ட் இருக்கும்போது சொருகவே சொருகாதீங்க. ஒரு ரிப்பன் லேசா சாஞ்சு இருந்ததால சென்சார் ஐடி படிக்க முடியலன்னு கெர்னல் லாக்கான டிமெசேஜ்ல வந்துச்சு, நான் ரெண்டு நாள் டிவைஸ் ட்ரீல தப்பு தேடிக்கிட்டு இருந்தேன்.

கடைசியா, கடைல கிடைக்கிற சாதாரண ஐபி கேமராவோட போர்டுல, கம்பெனி சாஃப்ட்வேருக்குப் பதிலா ஓப்பன்ஐபிசிங்கற சாஃப்ட்வேர் போட்டது. வேஸ்ட்னு ஓரமா கிடக்குற கேமராவுக்கு உயிர் கொடுக்குறது மனசுக்கு நிறைவான வேலை, வெதர் ஃப்ரூஃப் டப்பா, லென்ஸ், இன்ஃப்ராரெட் எல்இடி, பகலுக்கும் ராத்திரிக்கும் மாறுற ஃபில்டர் எல்லாம் ரெடியா வருது. போர்டுல சீரியல் கன்சோல் வர்ற யுஏஆர்டி பேட் தேடி மூணு வயர் சால்டர் பண்ணி, 115200 ல கன்சோல் திறந்து, கரண்ட் கொடுத்ததும் யூ-பூட்டை நிறுத்தணும். அங்க போனதும் எல்லாரும் உடனே புதுசை எழுதப் பாப்பாங்க. நிறுத்துங்க. முதல்ல பழைய ஃபிளாஷை முழுசா படிச்சு டிஎஃப்டிபிங்கற நெட்வொர்க் ஃபைல் அனுப்புற முறை வழியா கம்ப்யூட்டருக்கு எடுங்க, ரெண்டு தடவை எடுத்து ரெண்டும் ஒன்னா இருக்கான்னு செக்சம் பாருங்க, மேக் அட்ரஸ் இருக்குற என்வயரன்மென்டை (யூ-பூட்டோட செட்டிங்) தனியா எழுதி வைங்க. 8 எம்பி ஃபிளாஷ்ல பூட்டுக்கு 256 கேபி, என்விக்கு 64 கேபி, கெர்னலுக்கு 2 எம்பி, ரூட்எஃப்எஸ்க்கு 5 எம்பி, மிச்சம் நம்ம செட்டிங்குக்கு. ரூட்எஃப்எஸ் ஸ்குவாஷ்எஃப்எஸ், அதுல யாரும் எழுத முடியாது, அதனால கரண்ட் போனா கவலையே இல்ல. ஆனா யூ-பூட்டை எழுதும்போது கரண்ட் போச்சுன்னா கதை வேற, பல போர்டுல பட்டனும் கிடையாது, ஃபிளாஷ் சிப்புல கிளிப் மாட்டி சிஎச்341ஏ புரோகிராமர் வச்சு தான் எழுதணும். அந்தக் கறுப்பு கலர் சிஎச்341ஏ போர்டுல டேட்டா லைன்ல 5 வோல்ட் வருது, ஃபிளாஷ் 3.3 வோல்ட் சிப், அதை மாத்தின போர்டு பாத்து எடுங்க. இன்னொன்னும் தெரிஞ்சுக்கோங்க, ஓப்பன்ஐபிசில ஸ்டிரீம் கொடுக்குற மஜெஸ்டிக் புரோகிராமோட சோர்ஸ் திறந்து இல்ல.

இப்படி ஒவ்வொன்னுலயும் எங்கயோ ஒரு மூடின பைனரி வந்துக்கிட்டே இருக்கேன்னு மனசு சங்கடப்படும்போது நான் நினைச்சுக்குறது எல்ஃபெல். 2001ல ஆரம்பிச்ச சின்ன நிறுவனம், அமெரிக்காவோட யூட்டால இருக்கு, கேமராவோட சர்க்யூட், எஃப்பிஜிஏ (உள்ள இருக்குற சர்க்யூட்டை நாமே அமைக்கிற சிப்) கோடு, சாஃப்ட்வேர் எல்லாத்தையும் திறந்து வைக்கிறவங்க. அவங்க 393 கேமரா சைலிங்க்ஸ் ஜிங்க் சிப்புல ஓடுது, நாலு சென்சார் போர்ட். அந்தச் சிப்புக்கு சைலிங்க்ஸ் கொடுத்த முதல் கட்ட பூட் கோடோட லைசென்ஸ் ஜிபிஎல்ங்கற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸோட ஒத்துப் போகலன்னு, அதுக்குப் பதிலா யூ-பூட்லயே தாங்களே எழுதி ஈஜிங்க்னு வெளியிட்டாங்க. ரேம் டைமிங் கணக்குல இருந்து எழுதணும், சாதாரண உழைப்பு இல்ல அது. அபெர்டஸ்ங்கற ஓப்பன் கேமரா குழுவோட ஆக்சியம் பீட்டா சினிமா கேமராவும் ஜிங்க் தான், மைக்ரோஜெட் போர்டு மேல உக்காந்திருக்கும். இந்த ரெண்டும் என் பறவைப் பெட்டிக்கு ரொம்பப் பெருசு, நான் வாங்கல, அதனால ஸ்டார் கொடுக்க மாட்டேன். ஆனா அவங்க கோடைப் படிச்சதுல தான் பூட்னா என்னன்னு எனக்கு உருப்படியா புரிஞ்சுது.

எதை வாங்கலாம்னு கேட்டா, நிமிஷத்துக்கு ஒரு படம் போதும்னா இஎஸ்பி32-கேம், ரோல்பேக்கோட, நல்ல சப்ளையோட. இறகு எண்ணுற அளவுக்குப் படம் வேணும்னா பை, ஓவர்லேயும் வாட்ச்டாக்கும் கட்டாயம். வீடியோ, கூடவே பூட்ல இருந்து எல்லாத்தையும் கத்துக்கணும்னா லக்ஃபாக்ஸ், என் ஓட்டு இதுக்குத் தான், அஞ்சுக்கு நாலரை. சால்டரிங் வரும், பழைய கேமரா கையில இருக்குன்னா ஓப்பன்ஐபிசி.

இப்ப கம்பத்து மேல இருக்குறது லக்ஃபாக்ஸ் தான். பெட்டியை மூடுறதுக்கு முன்னாடி கன்சோலோட டிஎக்ஸ், ஆர்எக்ஸ், கிரவுண்ட் மூணு வயரையும் ஈதர்நெட் கேபிள் கூடவே கம்பத்தோட அடி வரைக்கும் இழுத்து ஒரு சின்ன டப்பாவுல முடிச்சிருக்கேன், எழலன்னா ஏணி இல்லாமலே யூ-பூட் எங்க நின்னுச்சுன்னு கீழ இருந்து படிச்சிடலாம். இந்த சீசன்ல அந்த டப்பாவை ரெண்டே தடவை திறந்தேன், ரெண்டு தடவையும் லாக் ஒழுங்கா ஓடி லாகின் வரைக்கும் வந்து நின்னுச்சு, மேல நாலு குஞ்சுங்க வாயைத் திறந்துக்கிட்டு இருந்துச்சு.